ஆடாமல் நின்ற விளக்கு

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், லாரி வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். லாரி ஒன்றும் வரவில்லை. "நிவேதா என்னப்பா தப்பு பண்ணா? அம்மா ஏன் ஒரு வார்த்தை சொல்லாம பையைத் தூக்கிட்டுக் கிளம்பினாங்க?" என்று நீ கேட்டாய். அதற்கு நின்ற இடத்தில் சொல்கிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இல்லை. முதலில் இதை நிவேதாவிடம் சொல்லிவிடு: மருமகள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சமையலிலோ பேச்சிலோ நடத்தையிலோ எதுவும் இல்லை. வளைகாப்பு நின்றதற்குக் காரணம் உன் வீட்டுச் சாமி மூலையில் தொங்குகிற விளக்கு. அந்த விளக்கு அப்படி நின்றதற்குக் காரணம் நீ மொட்டைமாடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. சிரிக்காதே. நான் சாக்கு வியாபாரி, கிழிசலைக் கிழிசல் என்று காட்டித்தான் விற்றுப் பழக்கம். இதையும் அப்படியே முழுதாகப் பிரித்துக் காட்டுகிறேன்.

உனக்குத் தெரிந்த சிலவற்றையும் எழுதுகிறேன், நிவேதாவும் படிக்க வேண்டும் என்பதற்காக. உன் அக்கா தேன்மொழி காய்ச்சலில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. நீ இடுப்பில் இருந்த பிள்ளை. கல்யாணமாகாமல் போன பெண் குழந்தை நம் பக்கத்து வீடுகளில் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வமாகிவிடும். ஒரு தகரப் பெட்டியில் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா என்று வைத்து, பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் படைப்போம். பழைய பாவாடையைச் சொந்தத்தில் ஒரு சிறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் புதிதை உள்ளே வைப்போம். வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் முதலில் அவளுக்குப் படைத்து உத்தரவு கேட்க வேண்டும். பல்லி சொல்லும், இல்லாவிட்டால் படத்திலிருந்து பூ விழும். அதன் பிறகுதான் அடுத்த வேலை. உன் கல்யாணத்துக்குப் படைத்த அன்று பூ விழவே இல்லை. பந்தக்கால் நட நேரமாகிக்கொண்டே இருந்தது. உன் அம்மா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். பூ விழுந்தது. உன் அம்மா அழுதாள், எல்லோரும் எழுந்தார்கள், காரியம் நடந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. என் நம்பிக்கை எவ்வளவு என்று நீ தெரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன்.

நீ சென்னையில் அந்த இருபத்தெட்டாவது மாடி வீட்டை வாங்கியபோது, உன் அம்மா பெட்டியையும் அந்தப் பித்தளைத் தொங்குவிளக்கையும் எடுத்துக்கொண்டுதான் வந்தாள். தஞ்சாவூர் வீட்டில் அது உத்தரத்திலிருந்து நீளச் சங்கிலியில் தொங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து திரி போடுவாள் என்பதால் அவ்வளவு நீளம். உன் வீட்டில் கொக்கி அடித்த எலெக்ட்ரீஷியன் சங்கிலியைப் பாதியாக வெட்டிவிடலாம் என்றான். தேன்மொழி எட்டிப் பிடித்து விளையாடிய சங்கிலியை வெட்ட அவள் விடவில்லை. முழு நீளத்துக்கும் தொங்கவிட்டீர்கள். வெட்டியிருந்தால் இந்தக் கடிதமே இருந்திருக்காது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த முதல் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கடைக்கு உன் அம்மாவிடமிருந்து போன். குரல் நடுங்கவில்லை, ரொம்ப நிதானமாக இருந்தது. "ஏங்க, விளக்கு ஆடுது" என்றாள். ஜன்னலைச் சாத்து என்றேன். சாத்தித்தான் இருக்கிறது என்றாள். மின்விசிறி ஓடவில்லை, திரைச்சீலை அசையவில்லை, பக்கத்தில் தொங்கும் மணிகூட அசையவில்லை, விளக்கு மட்டும் ஆடுகிறது, யாரோ கைவைத்து மெல்லத் தள்ளிவிடுவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருகிறது என்றாள். பிறகு சொன்னாள்: "இத்தன வருசம் தஞ்சாவூர்ல ஒரு தடவகூட ஆடல. இங்க வந்ததும் ஆடுது பாருங்க. தம்பிகிட்ட இருக்கணும்னு வந்துருக்கா." நான் சரி, சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று எடை போட்ட சாக்குக் கட்டை மறுபடியும் எடை போட்டேன்.

அடுத்த வாரம் வந்தபோது நானே பார்த்தேன். நீங்கள் இருவரும் ஆபீஸ் போயிருந்தீர்கள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் ஏனோ நிமிர்ந்தேன். விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, ஒரு முழம் அளவுக்குப் போய், பிறகு அதுவாகக் குறைந்து, மறுபடியும் பெரிதானது. மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. தம்பி, நான் ராத்திரி லோடு ஏற்றிக்கொண்டு திருவாரூர் ரோட்டில் தனியாக வந்தவன். சுடுகாட்டு ஓரம் லாரி பஞ்சராகி நின்றபோதுகூட எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்று பட்டப்பகலில் பயந்தேன். எழுந்து போய்க் கையால் அதைப் பிடித்து நிறுத்தலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. பிடிக்கவில்லை. பிடித்தால் யாருடைய கையின் மேல் கைபடும் என்று தோன்றியது. "பாப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். தேன்மொழி போனதிலிருந்து நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. உன் அம்மா வந்ததும் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு உன் அம்மா உன் வீட்டிலேயே தங்கிவிட்டதன் காரணம் உனக்கு இப்போது புரியும். முட்டிவலி, சென்னை டாக்டர் என்று அவள் சொன்னது பொய். காற்றுக்காலம் வந்துவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம். விளக்கின் முன்னால் உட்கார்ந்து அன்றைக்குச் சமைத்ததைச் சொல்வாள், உன் சம்பள உயர்வைச் சொல்வாள், நிவேதாவைப் பற்றி நல்லதும் சொல்வாள், கொஞ்சம் கோள்மூட்டவும் செய்வாள். போனில் என்னிடம் "இன்னைக்கு வந்தா" என்பாள், "இன்னைக்கு வரல" என்பாள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து போவதைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

அப்போது அதே ஆட்டம் நிவேதாவைப் படுத்திக்கொண்டிருந்தது. இந்த வருஷம் ஆனி கடைசியில் அவள் உண்டான சேதி தெரிந்தது. ஆடிக் காற்று தொடங்கியதும் அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். முதலில் மசக்கை என்றார்கள். பிறகு பார்த்தால் காற்றில்லாத நாளில் நன்றாகச் சாப்பிடுகிறாள், காற்றடிக்கும் நாளில் தலையைத் தூக்க முடியவில்லை. மாடியில் குடியிருக்கும் மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கதவு கிறீச்சிடுகிறது, கழிப்பறைத் தண்ணீர் தளும்புகிறது, படுத்தால் தொட்டிலில் போட்ட மாதிரி இருக்கிறது என்று ஒருவர் விடாமல் புகார். நீ கட்டிட என்ஜினியர் என்பதால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் உன்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தேன், நீ நாலு பேர் முன்னால் பேசுவதைப் பார்க்கிற ஆசையில்.

நீ எழுந்ததும் எடுத்த எடுப்பில், கட்டிடம் ஒல்லி, அதனால் காற்றில் அசையும், ஆனால் விழவே விழாது, யாரும் பயப்பட வேண்டாம் என்றாய். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர், "நாங்க வீடுதான் தம்பி வாங்கினோம், கப்பல் டிக்கெட் இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மாள் சிரிக்காமல் சொன்னாள்: "விழாதுன்னு எங்களுக்கும் தெரியும்பா. விழாத வீட்டுல ஏன் பயந்துக்கிட்டே இருக்கோம்? அதச் சொல்லு." அந்த நேரத்தில்தான் உன்னை நான் மெச்சினேன். குறை சரக்கில் இல்லை, வாங்கினவர்களின் மனதில்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். நீ தப்பிக்கவில்லை. ஆட்டத்தைக் குறைக்க வழி இருக்கிறது என்றாய்.

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேசை மேல் வைத்து நீ காட்டியதை நான் மறக்கவில்லை. காற்று தள்ளும்போது கட்டிடம் ஒரு பக்கம் போய்த் திரும்ப ஒரு நேரம் எடுக்கிறது. எப்போதும் அதே நேரம்தான். மொட்டைமாடியில் தொட்டி கட்டி, தண்ணீர் தளும்பித் திரும்புவதற்கும் அதே நேரம் ஆகிற மாதிரி அளவாக ஊற்றி வைத்தால், கட்டிடம் இந்தப் பக்கம் சாயும்போது தண்ணீர் எதிர்ப்பக்கம் போய் மோதும். கட்டிடத்தின் ஆட்டத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். உள்ளே கம்பிவலை வைத்து அந்த வேகத்தையும் குறைத்துவிடலாம். சுத்தமாக நிற்காது, ஆனால் ஆளுக்குத் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும் என்றாய். யாரோ, அதென்ன அதே நேரம் என்று கேட்டார்கள். நீ சொன்னாய்: "ஒவ்வொன்னுக்கும் ஒரு தாளம் இருக்கு சார். தாளம் ஒத்துப்போச்சுன்னா சின்ன அசைவுகூட அதைப் பிடிச்சுப் பெருசா ஆட்டிடும். வீட்டுல ஒரு சாமான் ஆடும், பக்கத்துல இருக்கறது ஆடாது, கவனிச்சிருப்பீங்க."

நான் கவனித்திருந்தேன். மணி ஆடாது, திரை ஆடாது, அந்த நீளச் சங்கிலி விளக்கு மட்டும் ஆடும். கட்டிடத்தின் தாளமும் அந்தச் சங்கிலியின் தாளமும் ஒன்று என்று அந்த நொடியில் எனக்குப் பிடிபட்டது. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். இனிமேல் நிவேதா நன்றாகச் சாப்பிடுவாள் என்ற சந்தோஷமும் உண்மைதான். என் பெண்ணை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்ததும் உண்மைதான்.

புரட்டாசியில் தொட்டி வேலை முடிந்தது. நிவேதா தேறினாள். கார்த்திகையில் ஏழாம் மாசம், வளைகாப்புக்கு நாள் குறித்து உன் அம்மா பெட்டியை இறக்கினாள். படைத்த அன்று கடலில் புயல் சின்னம், வெளியே காற்று ஜன்னல் சந்தில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. துள்ளுமாவு, சர்க்கரைப் பொங்கல், புதுப் பாவாடை எல்லாம் வைத்துக் கும்பிட்டாள். நீ விழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு யாருக்கோ போன் பேச பால்கனிக்குப் போய்விட்டாய். உத்தரவுக்காக அவள் பூவைப் பார்க்காமல் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு நின்ற இடத்திலேயே நின்றது. இதைவிடச் சின்னக் காற்றுக்கெல்லாம் ஆடிய விளக்கு. கற்பூரம் அணைந்து, சோறும் ஆறிவிட்டது. நிவேதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அத்தை, எந்திரிங்க, எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எனக்கு மின்விசிறி ஞாபகம் வந்தது. அந்தக் கனமான பித்தளைக்கு அது போதாது.

உன் அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "அவளுக்கு இஷ்டமில்ல. இந்தப் புள்ளை வரது அவளுக்குப் பிடிக்கல. அவ எடத்துக்கு இன்னொரு புள்ளை வருதுன்னு நெனைக்கிறா." சொல்லும்போதே நிவேதாவின் வயிற்றைப் பார்த்தாள், உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை ரயிலுக்குப் பை கட்டிவிட்டாள். தான் அங்கே இருந்தால், தன்னைத் தேடி வருகிறவள் அந்தப் பெண் மேல் கோபத்தைக் காட்டிவிடுவாள் என்று பயந்து வந்திருக்கிறாள். உங்கள் மேல் கோபித்துக்கொண்டு வந்தாள் என்றுதானே நீங்கள் இருவரும் நினைத்தீர்கள்? உங்களைக் காப்பாற்றவே வந்தாள்.

தஞ்சாவூர் வந்தும் அந்தப் பயம் விடவில்லை. நிவேதாவிடமிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள், அடித்து ஓயும் வரை கையில் வைத்துக்கொண்டு பார்ப்பாள். காலையில் சமைத்துவிட்டுக் கிடங்குக்கு வந்து, ஆதியில் நாங்கள் இருவரும் தொழில் தொடங்கிய காலத்தில் செய்த மாதிரி, கிழிந்த சாக்கைத் தைக்க உட்கார்ந்துவிடுவாள். அறுவடை வருகிறது, சாக்குக்கு ஆள் வேண்டும்தான், ஆனால் அவள் அதற்காக உட்காரவில்லை. இங்கே என் சங்கடத்தைப் பார். உண்மையைச் சொன்னால் பயம் போய்விடும். ஆனால் ஆடாததற்குத் தொட்டி காரணம் என்றால், ஆடியதற்குக் காற்று காரணம். அவள் இரண்டு வருஷம் பேசிய பேச்செல்லாம் ஒரு பித்தளைத் துண்டோடு பேசியதாகிவிடும். சொல்லாமல் விட்டால், பிறக்கப்போகிற குழந்தையை அவள் கையில் வாங்கவே மாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம் என்றால், உயிரோடு இருக்கிறவர்களுக்கு நஷ்டம் குறைவாக வருகிற பக்கம் போவதுதான் எனக்குத் தெரிந்த வழி. சொல்லிவிட முடிவு செய்தேன்.

போன புதன்கிழமை மத்தியானம், தைக்கிற பெண்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். ஒரு கோணி ஊசியைச் சணலில் கட்டிக் கையில் தொங்கவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன். கையை ஒரே சீராக மெல்ல அசைத்தேன். சணலைக் குட்டையாகப் பிடித்தால் ஊசி சும்மா கிடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நீளம் விட்டேன். ஒரு நீளம் வந்ததும் ஊசி பிடித்துக்கொண்டு வீச்சு வீச்சாக ஆடியது, என் கை அசைவது மட்டும் கண்ணுக்கே தெரியவில்லை. அவள் ஊசியையும் பார்த்தாள், என் கையையும் பார்த்தாள். தொட்டியைப் பற்றி, நீ தட்டில் காட்டியதைப் பற்றி, எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன்.

"அப்ப அவளுக்குக் கோவம் இல்ல?" என்றாள்.

"இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சாக்கை முடித்து மடித்து வைத்தாள். அடுத்த சாக்கை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "அப்ப முன்ன ஆடுனதும் அவ இல்ல" என்றாள். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நிவேதாவுக்கு அவளாகவே போன் போட்டாள், என்ன சாப்பிட்டாய், கால் வீங்கியிருக்கிறதா என்று கேட்டாள். நிவேதா உன்னிடம் சொல்லியிருப்பாள். ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் தம்பி, அந்த நாட்களில் நம் வீடு இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. அவள் எழவு விழுந்த வீட்டில் நடமாடுவது போல நடமாடினாள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவை 'பாப்பா' என்று கூப்பிட்டேனே, அதை யார் கேட்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று, தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஏங்க, அந்த ஆட்டம் இப்ப எங்க போச்சு?"

தண்ணீருக்குப் போயிருக்கிறது என்றேன். விளக்குக்கு வந்துகொண்டிருந்ததைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது, காற்றடித்தால் அது அங்கே ஆடும் என்றேன்.

"ஆடுறத யாரு பாக்குறா?"

"யாரும் பாக்குறதில்ல. தொட்டிக்கு மூடி போட்டிருக்கு."

"மூடி போட்டா?" என்றாள். கையிலிருந்த ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். "ஒம்பது வயசுப் புள்ளைங்க அது. இருட்டுல போட்டு மூடி வச்சிருக்கீங்க. அது இருட்டுன்னா பயப்படும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். காய்ச்சலோடு படுத்திருந்தபோதுகூட விளக்கை அணைக்க விட மாட்டாள்.

அவளுக்கு விஷயம் புரியாமல் இல்லை. கோணி ஊசியைப் பார்த்தவுடன் அவளுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்துவிட்டது. அப்படிப் புரிந்த பிறகுதான் இதைக் கேட்கிறாள். ஆகவே நீ இன்னொரு தடவை தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டாம். ஒரு குறையைச் சரி செய்வதற்கு முன்னால், அதை வைத்து யாராவது பிழைத்துக்கொண்டிருக்கிறார்களா என்று இனிமேல் ஒரு நடை கேட்டுவிட்டுச் செய். கேட்டிருந்தாலும் தொட்டியைக் கட்டத்தான் வேண்டும், நிவேதாவுக்காக, கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மாளுக்காக. கேட்பது மட்டும் பாக்கி இருந்தது.

மார்கழி போகட்டும். தை பிறந்ததும் ஒன்பதாம் மாசத்தில் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாம் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். பொங்கல் கழித்து நாங்கள் வருகிறோம். படையல் வீட்டுக்குள் வேண்டாம், மொட்டைமாடியில் என்கிறாள். சங்கச் செயலாளரிடம் பேசி மாடிக் கதவுச் சாவியை வாங்கி வை, காரணம் கேட்டால் தொட்டியைச் சோதிக்க வேண்டும் என்று சொல். காற்று அடிக்கிற நாளாகப் பார். சாதாரணக் காற்றுக்குத் தண்ணீர் கொஞ்சம்தான் அசையும் என்று நீ சொல்வாய். கொஞ்சம் போதும். மூடியைத் திறந்ததும் அவள் குனிந்து எட்டிப் பார்ப்பாள், பின்னாலிருந்து அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள். அவள் என்ன பேசினாலும் திருத்தாதே. பேசி முடித்து அவள் நகர்ந்த பிறகு மூடியை உடனே போட்டுவிடாதே. எனக்கும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்பா